அன்று ரோமில் கோல்! பிறகு கேரளாவுக்குக் கோப்பை!

ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஒரு கோல் போட்டது எப்போது? போட்டவர் யார் தெரியுமா?

ஆண்டு 1960. இடம் இத்தாலி. ரோம் ஒலிம்பிக். போட்டவர் ஒரு தமிழர். பெயர் சைமன் சுந்தர்ராஜ்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஒலிம்பிக் வந்து போய்விட்டது. ஒன்றில்கூட நம் கால்பந்து அணி நுழையவில்லை. அதனால் 60 ஆண்டு தாண்டியும் அவர் போட்ட கோல்தான் கடைசிக் கோல்!

இது அவர் கதையில் முதல் பாதி. இரண்டாம் பாதியை வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பையன்கள் அவசியம் கேட்க வேண்டும்.

பிரான்சோடு மோதல்!

ரோம் போன அணிக்குக் கோச், ஐதராபாத் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கேப்டன் பி.கே.பானர்ஜி. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர் நம் சுந்தர்ராஜ்.

ஆகஸ்ட் 26-ந்தேதி முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. 2-1 என்று தோல்வி. அந்த ஹங்கேரிதான் பிறகு வெண்கலப் பதக்கம் வாங்கியது.

29-ந்தேதி பிரான்சோடு மோதல். பானர்ஜி முதல் கோல் போட்டார். ஆட்டம் முடியப் போகும் சமயத்தில் பிரான்ஸ் ஒரு கோல் திருப்பிவிட்டது. 1-1 டிரா!

இங்கே ஒரு வேடிக்கை. அன்றைய தேதியில் நம்ம கொம்யூன்கள் எல்லாம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? பிரான்சுக்கு!

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ந்தேதி நிர்வாகமும் கை மாறியது. ஆனால் சட்டப்படி முழு இணைப்பு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஆக, மேட்ச் நடந்த அன்று காகிதம் அந்தப் பக்கம், மனசு இந்தப் பக்கம்!

செப்டம்பர் 1-ந்தேதி பெருவோடு ஆட்டம். 3-1 என்று தோற்றோம். அந்த ஒரே கோல்தான் சுந்தர்ராஜ் போட்டது. பெரு மூன்று கோல் போட்டுவிட்டது. ஆட்டமும் முடியப் போகிறது. அப்போது விழுந்த கோல் அது.

கோட்டுக்கு வெளியே...

கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். ஆனால் எத்தனை வருஷத்துக்கு? முப்பது வயசு தாண்டினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. அதோடு பலர் பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள்.

சுந்தர்ராஜ் மாட்டவில்லை. கோச் ஆனார். அதுவும் பக்கத்து மாநிலத்துக்கு!

கேரளா 1956-ல் உருவான மாநிலம். கால்பந்து என்றால் உயிரை விடுகிற ஜனங்கள். ஆனாலும் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபி மட்டும் கைக்கு எட்டவே இல்லை.

1973-ல் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. கேரளா அணிக்குக் கோச் சைமன் சுந்தர்ராஜ். டிசம்பர் 27-ந்தேதி பைனல். எதிரே பலம் வாய்ந்த ரயில்வே அணி. கேரளா கேப்டன் மணி மூன்று கோல் போட்டுத் தள்ளினார். ஹாட்ரிக்! 3-2 என்று வெற்றி. கேரளாவுக்கு முதல் கோப்பை!

அன்று முதல் அவர் 'கேப்டன் மணி'. 2017-ல் அவர் காலமாகும் வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற கோச்சுக்கு அப்படிப் பட்டப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. கோச் வேலையே அப்படித்தான்.

விதை முளைத்தது!

அந்த 1973 அணியின் உதவி கேப்டன் டி.ஏ.ஜாபர். இவரும் ஆடி முடித்துக் கோச் ஆனார். 1992-லும் 1993-லும் கேரளா மறுபடி கோப்பை வாங்கியபோது கோச் இவர்தான்! ஒருவர் கற்றுக்கொடுத்தது அடுத்தவர் கைக்குப் போனது. 2022 வரை கேரளா வாங்கிய கோப்பை மொத்தம் 7.

சுந்தர்ராஜின் சொந்த மாநிலம் எத்தனை வாங்கியது? ஒன்றுகூட இல்லை! 2012-ல் தமிழ்நாடு பைனல் வரை போனது. சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றுத் திரும்பியது.

புதுச்சேரிக்கும் அந்தக் கோப்பை இன்னும் வரவில்லை.

நம்ம ஊருக்கு என்ன?

கிராமத்தில் நன்றாகப் பந்து ஆடுகிற பையன் என்ன ஆகிறான்? படிப்பு முடிகிறது. கம்பெனி வேலை வருகிறது. கல்யாணம் ஆகிறது. ஆட்டம் நின்றுபோகிறது. அவன் கற்ற வித்தையும் அவனோடு போகிறது. அடுத்து வருகிற பொடியன்கள் மறுபடி 'அ'னாவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பந்தை எப்படி நிறுத்துவது, எந்தக் காலால் தள்ளுவது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

கோச் ஆவதற்கு இப்போது முறையான படிப்பு இருக்கிறது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் லைசென்ஸ் பயிற்சி நடத்துகிறது. 'டி' லைசென்சில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகலாம். ஒலிம்பிக் ஆடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை.

எனவே ஆட்டத்தை நிறுத்திய அண்ணன்மார்களே! வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். மைதானத்துக்கு வாருங்கள். கோட்டுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுங்கள்.

கொம்யூன் பஞ்சாயத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. மைதானத்துக்கு இரண்டு கோல் போஸ்ட் நட்டுக் கொடுக்கட்டும். சொல்லித்தர வருகிறவருக்குப் பஸ் செலவாவது தரட்டும். மீதியைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்!