விலையின்மையும் கட்டின்மையும்: மேசைக்கணினி இயங்குதளம் பற்றிய அன்றாடப் பயனர் மதிப்பீடுகள்

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்து, மூலநிரலைப் பயிலவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையை அடிப்படையாகக் கொண்டது. அன்றாடப் பயனரோ மேசைக்கணினி இயங்குதளத்தை விலை, பழக்கம், எழுத்து வெளிப்பாடு, பழைய கோப்புகள் திறக்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுகிறார். இவ்விரு அளவுகோல்களும் தொடர்பற்றவை போலத் தோன்றினும், பயனரின் குறைகள் எவ்வாறு தீர்கின்றன என்று நோக்கும்போது ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதை இக்கட்டுரை கலைச்சொல் ஆய்வின் வழியாகவும் அண்மைக்கால நிகழ்வுகளின் வழியாகவும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், இயங்குதளம், கலைச்சொல், ஒருங்குறி, தமிழாக்கம், பயனர் மதிப்பீடு

முன்னுரை

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. ‘இலவசம்’ என்னும் சொல்லைத் தவிர்த்து ‘விலையில்லா மடிக்கணினி’ என்றே அரசு அதனைக் குறித்தது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்துடன், மேம்பட்ட கணினியியல் வளர்ச்சி மையம் (சி-டாக்) டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஆக, ஒரே கருவியில் இரு கருத்துகள் ஒருங்கே மாணவர் கைக்கு வந்தன. ஒன்று, பெறுபவர் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது; இது கருவியைப் பற்றியது. மற்றொன்று, பெறுபவர் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்பது. இது அக்கருவியில் இருந்த இரண்டு இயங்குதளங்களுள் ஒன்றற்கு மட்டுமே பொருந்துவது. விலையின்மை உடனே புலப்பட்டது. கட்டின்மை அவ்வாறு புலப்படவில்லை. இவ்வேறுபாட்டின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை 1983 செப்டம்பரில் அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. எந்நோக்கத்திற்கும் இயக்குதல், பயின்று மாற்றுதல், படிகளைப் பகிர்தல், மாற்றிய வடிவத்தைப் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகள் இவ்வியக்கத்தின் அடிப்படைகளாக வகுக்கப்பட்டன. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஃப்ரீ’ என்னும் சொல் விலையின்மை, விடுதலை என்னும் இரு பொருளையும் தருவது. இம்மயக்கத்தைத் தவிர்க்க ‘லிப்ரே’ என்னும் சொல் கடன் கொள்ளப்பட்டது. 1998இல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்னும் மாற்றுச்சொல் முன்வைக்கப்பட்டதற்கும் இம்மயக்கம் ஒரு காரணமாகும்.

தமிழில் இச்சிக்கல் இயல்பாகவே இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. ‘இலவச மென்பொருள்’, ‘சுதந்திர மென்பொருள்’, ‘கட்டற்ற மென்பொருள்’, ‘திறமூல மென்பொருள்’ எனப் பல ஆக்கங்கள் வழங்கினும், கருத்தைத் துல்லியமாக உணர்த்த விரும்புவோரிடையே ‘கட்டற்ற’ என்பதே வேரூன்றியுள்ளது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ எனக் குறிப்பது இச்சொல்லின் பரவலுக்குத் துணைசெய்தது. கட்டு என்பது பிணிப்பு, கட்டுப்பாடு, காவல் ஆகிய பொருள்களை உடையது. ‘அற்ற’ என்பது அறு என்னும் வினையடியாகப் பிறந்த பெயரெச்சம். ‘இல்லாத’ என்பது இன்மையை மட்டும் சுட்ட, ‘அற்ற’ என்பது அறுபட்டமையையும் உணர்த்த வல்லது. நிரலாளர்கள் தமக்குள் தடையின்றிப் பகிர்ந்து வந்த மென்பொருள் பின்னர் உரிமத்தால் பிணிக்கப்பட்டது. அப்பிணிப்பை அறுக்கும் முயற்சியாகவே குனு தோன்றியது. இவ்வரலாற்றுக்குச் சொல்லின் அமைப்பு பொருந்தி நிற்கிறது.

ஆயினும் அன்றாட வழக்கில் இச்சொல்லுக்கு இரண்டு இடர்கள் உள. முதலாவது, ‘வரி கட்டுதல்’, ‘பணம் கட்டுதல்’ என்னும் வழக்குகளும் ‘கட்டணம்’ என்னும் சொல்லும் அருகில் இருப்பதால், முதன்முறை கேட்பவர் ‘கட்டணமற்ற’ என்றே பொருள் கொள்ள இடமுண்டு. தமிழ் விலக்கிய மயக்கம் ஒலியொப்புமையால் மீண்டும் நுழைகிறது. இரண்டாவது, ‘கட்டற்ற’ என்பதை ‘நிபந்தனையற்ற’ என்று கொள்ளும் பிழை. குனு பொதுமக்கள் உரிமம் நிபந்தனையற்றதன்று. மாற்றிய வடிவத்தைப் பிறர்க்கு வழங்குபவர் தாம் பெற்ற அதே உரிமைகளை அவர்க்கும் வழங்கியாக வேண்டும். கட்டு முற்றிலும் நீங்கவில்லை; பயனரைப் பிணித்த கட்டு நீங்கி, பிணிக்க முனைபவரைத் தடுக்கும் கட்டு அமைகிறது.

இயங்குதளம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. ‘இயங்குதளம்’, ‘இயக்குதளம்’, ‘இயக்க முறைமை’ என்னும் மூன்றும் வழக்கில் உள்ளன. இயங்கு என்பது தன்வினை. இயக்கு என்பது பிறவினை. கருவிகளையும் செயலிகளையும் இயக்குவது என்னும் பொருளுக்குப் பிறவினை வடிவமே நெருக்கமானது. எனினும் தன்வினை வடிவமே மிகுதியாக வழங்குகிறது. பெரும்பாலான பயனர்க்கு அது கணினியோடு வந்த, தானே இயங்கும் ஒரு தளம். அதனைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் எண்ணமே பலரிடம் தோன்றுவதில்லை என்பதோடு இவ்வழக்கு இயைந்து நிற்கிறது.

‘பழக்கமில்லை’ என்னும் கூற்று

லினக்ஸ் வகை இயங்குதளங்களைப் பற்றி அன்றாடப் பயனர் கூறுவனவற்றுள் மூன்று அடிக்கடி கேட்கப்படுவன: காசில்லாமல் கிடைப்பது தரமாக இராது, அது கடினமானது, மூலநிரலைப் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. முதற்கூற்று விலையின்மையைக் கட்டின்மையாகக் கொள்வதன் விளைவு. ஏனைய இரண்டும் விரிவாக நோக்கத்தக்கவை.

கடினம் என்று உரைக்கப்படுவதில் பெரும்பகுதி பழக்கமின்மையே ஆகும். இதற்கு விண்டோஸின் வரலாறே சான்று. 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8, திரையின் இடக்கீழ் மூலையில் 1995 முதல் இருந்துவந்த தொடக்கப் பொத்தானை நீக்கியது. உருவாக்கிய நிறுவனம் மாறவில்லை; பெயரும் மாறவில்லை. இருப்பினும் பல்லாண்டுப் பயனர்கள் கணினியை நிறுத்தும் வழியைக் கூடத் தேட வேண்டியதாயிற்று. எனவே, எளிமை என்பது ஓர் இயங்குதளத்தின் உள்ளார்ந்த பண்பு மட்டுமன்று. கையும் கண்ணும் முன்னர்க் கற்றதன் தொடர்ச்சியுமாகும்.

கேரளப் பள்ளிகள் இதனை மறுதலையாகக் காட்டுகின்றன. 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன்பின் அம்மாநில அரசுப் பள்ளிகளில் குனு லினக்ஸே கற்பிக்கும் தளமாயிற்று. அதிலேயே தொடங்கிய மாணவர்க்கு அது மாற்றுத் தளமன்று. முதல் தளமே ஆகும். ஆசிரியர் பயிற்சியும் பாடநூலும் தேர்வும் ஒரே தளத்தை நோக்கி அமைந்தமையே அங்கு வேறுபாட்டை உண்டாக்கியது. அத்தகைய சூழலின்றி இரண்டாவது தளமாகக் கணினியில் நிறுவி வழங்குவது மட்டும் பழக்கத்தை உருவாக்காது.

மூலநிரல் அறியாதவரும் உரிமையும்

‘மூலநிரலைப் படிக்கத் தெரியாதவருக்கு உரிமையால் என்ன பயன்’ என்னும் வினாவே மூன்றனுள் வலுவானது. இதற்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டு விடை காணலாம்.

2011 ஏப்ரலில் க்னோம் மேசைத்தளத்தின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பட்டிகளும் பணிப்பட்டையும் அமைந்த பழைய தோற்றம் கைவிடப்பட்டது. பயனர் பலர் அதிருப்தியுற்றனர். அவ்வாண்டிலேயே அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் க்னோம் இரண்டாம் பதிப்பின் நிரலை எடுத்து ‘மாட்டே’ என்னும் பெயரில் தொடர்ந்தார். பிறரும் இணைந்தனர். லினக்ஸ் மின்ட் குழுவினர் புதிய க்னோமை அடித்தளமாகக் கொண்டே பழைய முறைக்கு நெருக்கமான ‘சின்னமன்’ மேசைத்தளத்தை உருவாக்கினர். இவ்விரண்டும் இன்றளவும் பேணப்படுகின்றன.

விண்டோஸ் 8 எழுப்பிய அதிருப்தியும் இத்தகையதே. அதன் பயனர்க்குக் காத்திருப்பதே முதன்மையான வழியாயிற்று. 2013இல் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் மீண்டது. ஆனால் அது பழைய பட்டியைத் திறக்கவில்லை. தொடக்கப் பட்டி 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10இல் தான் திரும்பியது.

இரு நிகழ்வுகளிலும் பயனரின் கருத்து ஒன்றே. அதாவது, பழகிய ஒழுங்கைக் கலைக்க வேண்டா என்பது. அக்கருத்துக்குக் கிடைத்த விடைதான் வேறுபட்டது. ஓரிடத்தில் அது நிறுவனத்தின் செவிக்குச் சென்று சேர வேண்டியிருந்தது. மற்றோரிடத்தில் அதுவே செயலாக மாற இயன்றது. மாட்டேயைப் பயன்படுத்துவோருள் மிகப் பலர் அதன் நிரலில் ஒரு வரியையும் படித்திரார். படிக்கத் தெரிந்த ஒருவர்க்கு உரிமை இருந்தமையால், படிக்கத் தெரியாதவரும் தம் விருப்பத்தைப் பேண முடிந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரத் தெரிந்தவர் சிலரே. நீர் முகப்பவரோ அனைவரும். கட்டற்ற மென்பொருளின் உரிமை அன்றாடப் பயனரைச் சென்றடையும் முறை இதுவே.

ஆதரவுக் காலம் முடிவதிலும் இவ்வேறுபாடு தென்படுகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் நிறைவுற்றன. விண்டோஸ் 11 வேண்டும் வன்பொருள் தகுதி இல்லாத, நன்கு இயங்கும் கணினிகள் பல உள. லினக்ஸ் வழங்கல்களின் பதிப்புகளுக்கும் ஆதரவுக் காலம் உண்டு. எனினும் பழைய வன்பொருளுக்கேற்ற வழங்கலை எவரும் உருவாக்கிப் பேணத் தடையில்லை.

தமிழ்ப் பயனரின் அளவுகோல்

தமிழில் எழுதுவோர்க்கு மேற்கண்டவற்றுடன் மற்றோர் அளவுகோலும் உண்டு. தமிழ் எழுத்து பிழையின்றித் தோன்ற வேண்டும். பழகிய விசைப்பலகை அமைய வேண்டும். பழைய கோப்பு திறக்க வேண்டும். ‘கொ’ என்னும் உயிர்மெய்யில் ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. ஒருங்குறியில் இது மெய்வரிசையின் அகரமேறிய எழுத்தை அடுத்து உயிர்க்குறி வரும் முறையில் சேமிக்கப்படுகிறது. திரையில் குறியை இடம்மாற்றிக் காட்டுவது எழுத்துருவாக்கப் பொறியின் பணி. அப்பொறி இல்லாத தளத்தில் தமிழ் சிதையும். அவ்வாறு சிதைந்த தமிழைக் கண்டவர் அத்தளத்தின் உரிமக் கோட்பாட்டை ஆராய்வதில்லை, தளத்தையே விலக்கிவிடுகிறார். இன்று க்னோம், லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கட்டற்ற பொறியே இப்பணியைச் செய்கிறது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை ஆகிய விசைப்பலகைகளும் கட்டற்ற உள்ளீட்டு முறைகளாகக் கிடைக்கின்றன.

பழைய கோப்புகளின் நிலை வேறு. திஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில் எனப் பல குறியேற்றங்களில் தமிழ் எழுதப்பட்டு வந்தது. ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றமாகிய டேஸ்16ஐயும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010இல் தான். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் அதற்கு முன் உருவான கோப்புகள் குறிப்பிட்ட எழுத்துருவையும் குறிப்பிட்ட பக்க வடிவமைப்பு மென்பொருளையும் சார்ந்தவை. எழுத்துரு இல்லையேல் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ‘விண்டோஸை விட முடியாது’ என்று தமிழ் அச்சுத் தொழிலாளர் கூறுவது சோம்பலால் அன்று; அவரது பல்லாண்டு உழைப்பு அங்கே கட்டுண்டு கிடக்கிறது. கட்டு என்னும் சொல்லின் பொருளை ஏட்டளவில் அன்றி வாழ்வளவில் அறிந்தவர் அவரே.

இடைமுகச் சொற்களிலும் இதனைக் காணலாம். தனியுரிமைத் தளத்தின் தமிழ் இடைமுகத்தில் பொருந்தாத சொல்லைக் காணும் பயனர் அதனைத் தாமே திருத்த இயலாது. க்னோம், கே.டி.இ. ஆகியவற்றின் மொழிபெயர்ப்புக் கோப்புகள் திறந்தவை. எவரும் திருத்தம் முன்மொழியலாம். ஆனால் இவ்வுரிமை தானாகத் தரத்தை ஈட்டித் தராது. தன்னார்வலர் குறைந்தால் தமிழாக்கம் பாதியில் நிற்கும். ‘கோப்புறை’, ‘அடைவு’ எனச் சொற்கள் செயலிக்குச் செயலி வேறுபடும். இவ்விடத்தில் தேவைப்படுவது நிரலாளர் அல்லர், தமிழறிந்தவரே.

எதிர்ச்சான்று

கட்டற்ற தளத்திற்கு மாறுதல் எங்கும் நிலைபெற்றது எனக் கூற இயலாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் மாற்றத்தைத் தீர்மானித்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் நகரமன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவுசெய்தது. பிற அலுவலகங்களுடனான ஆவணப் பரிமாற்றச் சிக்கலும் பணியாளர் குறைகளும் அரசியல் தலைமை மாற்றமும் அங்கு விவாதிக்கப்பட்டன. பயனர் கருத்தைக் கேட்டுத் தீர்க்கும் ஏற்பாடு இல்லையெனில், உரிமம் மட்டும் ஒரு தளத்தைக் காப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

ஆங்கிலத்தில் மயங்கும் விலையின்மையையும் விடுதலையையும் தமிழ் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. அத்தெளிவு சொல்லளவில் நின்றுவிட்டது. பயனர் மதிப்பீட்டை எட்டவில்லை. மூலநிரலைப் பயிலும் உரிமை என்று விளக்கத் தொடங்குவதே இதற்குக் காரணம். அன்றாடப் பயனர் எழுப்பும் குறைகள், அதாவது மாறிய பட்டி, சிதைந்த எழுத்து, திறவாத கோப்பு, பொருந்தாத சொல் ஆகியன, கட்டற்ற மென்பொருளுக்கு எதிரான வாதங்களாகவே கொள்ளப்படுகின்றன. உண்மையில், குறைகளைத் தீர்க்கும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்னும் வினாவை எழுப்புவனவும் அவையே. பயனரின் குறையிலிருந்து தொடங்கி உரிமையை விளக்குவதே பொருத்தமான முறையாகும். தமிழைப் பொறுத்தவரை அவ்வுரிமையைப் பயன்படுத்தும் பொறுப்பில் ஒரு பகுதி தமிழ்த்துறைகளைச் சார்ந்தது. பழைய குறியேற்ற ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காத்தலும், இடைமுகக் கலைச்சொற்களை ஒருமைப்படுத்துதலும் எவருடைய இசைவுக்கும் காத்திராமல் இன்றே மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.