காங்கோவில் பெல்ஜிய ஆட்சி: விளைவுகள் பற்றிய விவாதம்

நடு ஆப்பிரிக்காவில் காங்கோ ஆறு பாயும் பரந்த நிலப்பகுதி 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிப்பட்ட உடைமையாக இருந்தது. பின்னர் 1960 வரை அது பெல்ஜிய அரசின் காலனியாக இருந்தது. இன்று அது காங்கோ சனநாயகக் குடியரசு எனப்படுகிறது. அந்த ஆட்சியை எவ்வாறு மதிப்பிடுவது என்ற விவாதம் இரு நாடுகளிலும் இன்னும் ஓயவில்லை.

மன்னரின் தனி நாடு

1884–85இல் பெர்லினில் கூடிய மாநாட்டின் போது லியோபோல்டு தம் உரிமைக்கு வல்லரசுகளின் ஒப்புதலைப் பெற்றார். அடிமை வணிகத்தை ஒழிப்பதும் தடையற்ற வணிகத்தை வளர்ப்பதும் தம் நோக்கம் என்று அவர் கூறினார். பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடைய அந்த நாட்டுக்குக் 'காங்கோ சுதந்திர அரசு' என்று பெயர் சூட்டப்பட்டது. அவரோ ஒருமுறைகூட அங்குக் காலடி வைத்ததில்லை.

ரப்பரும் கட்டாய உழைப்பும்

1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பிறகு உலகச் சந்தையில் ரப்பரின் தேவை பெருகியது. காங்கோக் காடுகளில் ரப்பர்க் கொடிகள் தாமாகவே வளர்ந்திருந்தன. ஒவ்வோர் ஊரும் இவ்வளவு ரப்பர் தர வேண்டும் என்று அளவு விதிக்கப்பட்டது. ஆண்கள் காட்டுக்குச் சென்று ரப்பர் கொண்டுவரும் வரை அவர்களுடைய மனைவியர் பிணையாக அடைத்து வைக்கப்பட்டனர். படைவீரர்கள் தோட்டாவை வீணாக்கவில்லை என்பதற்குச் சான்றாக, கொல்லப்பட்டவர்களின் கைகளை வெட்டிக் கொண்டுவந்தனர். உயிருடன் இருந்தவர்களின் கைகளும் வெட்டப்பட்டன.

அக்காலத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லை. ஆகவே இறந்தோர் எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொலை, பட்டினி, நோய், பிறப்பு குறைதல் ஆகியவற்றால் மக்கள்தொகை பெருமளவு சரிந்தது என்பதைப் பலரும் ஏற்கின்றனர்.

காங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் ரப்பரும் தந்தமும் நிறைந்து வருகின்றன, திரும்பும்போதோ பெரும்பாலும் துப்பாக்கிகளையே ஏற்றிச் செல்கின்றன என்பதை எட்மண்ட் மோரல் என்னும் கப்பல் நிறுவன எழுத்தர் கவனித்தார். இது வணிகம் அன்று, கொள்ளை என்று அவர் முடிவு செய்தார். அவரது இயக்கமும், அலிஸ் ஹாரிஸ் எடுத்த ஒளிப்படங்களும், 1904இல் வெளியான ரோஜர் கேஸ்மென்ட்டின் அறிக்கையும் உலகின் கவனத்தை ஈர்த்தன. 1908இல் மன்னர் காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

'நன்மையும் செய்தார்கள்' என்னும் வாதம்

இரயில் பாதை, சாலைகள், மருத்துவமனைகள், பள்ளிகள் ஆகியவற்றைப் பெல்ஜியர் அமைத்தனர் என்பது ஆட்சிக்கு ஆதரவானவர்கள் கூறும் முதன்மை வாதமாகும். இவை இருந்தது உண்மை. எனினும், இவை யாருடைய தேவைக்காக, யாருடைய உழைப்பில் அமைந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

1898இல் முடிந்த மட்டாடி–லியோபோல்ட்வில் பாதையை எடுத்துக்கொள்வோம். இவ்விரு ஊர்களுக்கும் இடையே காங்கோ ஆற்றில் நீர்வீழ்ச்சிகளும் பாய்ச்சல்களும் உள்ளதால் கப்பல் செல்ல இயலாது. உள்நாட்டுச் செல்வத்தைத் துறைமுகம் சேர்க்க இப்பாதை இன்றியமையாததாக இருந்தது. அதை அமைத்த தொழிலாளர்களில் ஏராளமானோர் நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டனர்.

கல்வியிலும் இதே நிலையைக் காணலாம். தொடக்கப் பள்ளிகள் பல இருந்தன. ஆனால் உயர்கல்வி வாய்ப்பு 1950கள் வரை ஏறத்தாழ இல்லை. விடுதலை பெற்றபோது காங்கோவில் பட்டதாரிகள் மிகச் சிலரே. படையில் ஒரு காங்கோ அதிகாரிகூட இல்லை. ஒரு நாட்டை நடத்துவதற்கு வேண்டிய பயிற்சி அதன் மக்களுக்குத் தரப்படவில்லை என்பதே இதன் பொருள்.

இரு உரைகள்

1960 சூன் 30 அன்று விடுதலை விழாவில் பேசிய பெல்ஜிய மன்னர் போதுவான், லியோபோல்டின் பணியைப் புகழ்ந்தார். அதே மேடையில் பேசிய பிரதமர் பத்திரிஸ் லுமும்பா, தம் மக்கள் பட்ட இழிவையும் கட்டாய உழைப்பையும் எடுத்துரைத்தார். 1961 சனவரி 17 அன்று லுமும்பா கொல்லப்பட்டார். அக்கொலையில் பெல்ஜியத்தின் பங்குக்காக அந்நாட்டு அரசு 2002இல் மன்னிப்புக் கேட்டது.

வருத்தமா, மன்னிப்பா?

2020இல் ஆண்ட்வெர்ப் நகரில் லியோபோல்டின் சிலை ஒன்று அகற்றப்பட்டது. அதே ஆண்டு விடுதலை நாளில் மன்னர் பிலிப், காங்கோ அதிபருக்கு எழுதிய கடிதத்தில் கடந்தகாலக் கொடுமைகளுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. லுமும்பாவின் உடலில் எஞ்சியிருந்த ஒரு பல் 2022இல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலனி ஆட்சியை ஆராய்ந்த பெல்ஜிய நாடாளுமன்றக் குழு, அதே ஆண்டு இறுதியில், மன்னிப்பு பற்றி உடன்பாடு காணாமலேயே முடிந்தது. மன்னிப்புக் கேட்டால் இழப்பீடும் தர நேரிடும் என்ற அச்சம் இதற்கு முக்கியக் காரணமாகும்.

வருத்தம் தெரிவிப்பவர் நடந்ததற்காக மனம் வருந்துகிறார். மன்னிப்புக் கேட்பவர் நடந்ததற்குப் பொறுப்பேற்கிறார். காங்கோ பற்றிய இன்றைய விவாதம் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது.