மான் எத்தனை மீட்டரில் நிற்கிறது?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கொலராடோ என்றொரு மாநிலம் இருக்கிறது. ராக்கி மலைத்தொடர் அதனூடே ஓடுகிறது. அந்த மலைச்சரிவுகளில் எல்க் எனப்படும் பெரிய மான்கள் மந்தை மந்தையாக வாழ்கின்றன. இலையுதிர் காலம் வந்தால் உரிமம் பெற்றவர்கள் அங்கே சட்டப்படி வேட்டையாடலாம். எந்த நாட்களில் சுடலாம், எத்தனை சுடலாம் என்பதையெல்லாம் மாநில வனவிலங்குத் துறை வகுத்து வைத்திருக்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அப்படியிருக்க, வேட்டைக்காரரின் பைனாகுலரைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும்?

காரணம் உண்டு. தொலைவை அளந்து சொல்லும் பைனாகுலர் என்பது உங்கள் பாடப் புத்தகத்தின் ஒளியியல், இயக்கவியல், திரிகோணமிதி ஆகிய மூன்று அத்தியாயங்களும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கும் கருவி. தேர்வில் கணக்குத் தப்பினால் இரண்டு மதிப்பெண் போகும். மலைச்சரிவில் கணக்குத் தப்பினால் ஓர் உயிர் நாட்கணக்கில் துடிக்கும். எப்படி என்று பார்ப்போமா?

அரை மீட்டர் பிழை

எதிர்ச் சரிவில் ஒரு மான் மேய்ந்துகொண்டிருக்கிறது. "300 மீட்டர் இருக்கும்" என்று வேட்டைக்காரர் கண்ணளவில் மதிப்பிடுகிறார். உண்மையில் அது 400 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழலை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே குண்டைப் புவி கீழே இழுக்கிறது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியின் குண்டு 300 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.4 விநாடி ஆகும். கீழே விழும் தூரம் எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியைக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 4.9 × 0.4 × 0.4 = சுமார் 0.8 மீட்டர். காற்றின் தடையால் குண்டின் வேகம் போகப் போகக் குறையும். ஆகவே 400 மீட்டருக்கு 0.57 விநாடி என்று கொள்வோம். இப்போது வீழ்ச்சி 1.6 மீட்டர். தொலைவு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது; வீழ்ச்சியோ இரண்டு மடங்காகிவிட்டது!

300 மீட்டருக்கெனக் குறிவைத்தவரின் துப்பாக்கிக் குழல், அந்தத் தொலைவில் 0.8 மீட்டர் உயரும்படி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதே சாய்வில், 400 மீட்டரில் குழலின் நேர்கோடு 1.07 மீட்டர் உயர்ந்திருக்கும். குண்டோ 1.6 மீட்டர் விழுந்திருக்கும். ஆகவே குறிவைத்த இடத்துக்கு அரை மீட்டருக்கும் சற்றுக் கீழே குண்டு போகிறது. இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியைக் குறிவைத்தால், அது காலைத் தாக்கும். அல்லது வயிற்றுக்குக் கீழே பாய்ந்துவிடும். கால் ஒடிந்த மான் காட்டுக்குள் ஓடி மறையும். யாரும் தேடிக் கண்டுபிடிக்காவிட்டால் எங்கோ கிடந்து மெல்ல மெல்லச் சாகும். நேர்மையான வேட்டைக்காரர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

கண் ஏன் ஏமாறுகிறது?

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவை உணர்கிறது. இதுவே இடமாறு தோற்றம். கையெட்டும் தூரத்தில் இருக்கும் தம்ளருக்கு இது பிரமாதமாக வேலை செய்யும்.

300 மீட்டருக்கு அப்பால் என்ன ஆகிறது? 6.5 சென்டிமீட்டரை 300 மீட்டரால் வகுத்துப் பாருங்கள். கோணம் ஏறக்குறைய 45 விகலைதான் வரும். ஒரு பாகையில் 3600 விகலைகள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். 400 மீட்டரில் அதே கோணம் சுமார் 34 விகலை. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 11 விகலை! மேடு பள்ளமான மலையில், மங்கிய ஒளியில், இந்த நூலிழை வேறுபாட்டை நம்பித் தொலைவைச் சொல்வது கடினம். நடுவில் மரங்களோ வீடுகளோ இருந்தால் அவற்றின் அளவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். வெறும் புல்வெளியில் அந்த உதவியும் கிடையாது.

கண்களின் இடைவெளியைப் பெரிதாக்கினால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ஒளியியல் தொலைவுமானி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பேராசிரியர்களாக இருந்த ஆர்ச்சிபால்டு பார், வில்லியம் ஸ்ட்ரௌட் ஆகிய இருவரும் 1888-ஆம் ஆண்டில் இந்த முயற்சியில் இறங்கினார்கள். நீண்ட குழாய் ஒன்றின் இரு முனைகளிலும் விழும் ஒளியை நடுவிலுள்ள கண்ணருகு வில்லைக்குக் கொண்டுவந்து, இரு பிம்பங்களையும் ஒன்றாகப் பொருத்துவது அவர்கள் முறை. பொருந்தும்படி எவ்வளவு திருப்பினோமோ, அதிலிருந்து தொலைவு கிடைக்கும். போர்க்கப்பல்களில் இக்கருவி பெரும் பெயர் பெற்றது.

ஆனால் இதில் ஒரு சங்கடம். தொலைவு இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகும். பிழையைக் குறைக்கக் குழாயை நீட்ட வேண்டும். கப்பலில் பல மீட்டர் நீளக் குழாயைப் பொருத்தலாம். மலையேறுபவர் கழுத்தில் அதை மாட்டிக்கொள்ள முடியுமா?

ஒளிக்கு ஒரு கடிகாரம்

விடை லேசரில் கிடைத்தது. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1969-இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் எதிரொளிப்பான் ஒன்றை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நிலவின் தொலைவை அளந்தார்கள். அதே தத்துவத்தைத்தான் இன்றைய பைனாகுலர் மானுக்குப் பயன்படுத்துகிறது. 1992-இல் ஜெர்மனியின் லைகா நிறுவனம், லேசர் தொலைவுமானியைப் பைனாகுலருக்குள்ளேயே அடக்கி 'ஜியோவிட்' என்ற பெயரில் வெளியிட்டது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய கருவிகளைச் செய்கின்றன.

பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புத் துடிப்பு புறப்படுகிறது. மான்மீது பட்டுச் சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி திரும்பி வருகிறது. அதை ஒளி உணரும் டயோடு ஒன்று பிடித்துக்கொள்கிறது. ஒளி விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 300 மீட்டர் போய்த் திரும்ப ஆகும் நேரம் 2 மைக்ரோ விநாடி. ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமானால், உள்ளே இருக்கும் கடிகாரம் 6.7 நானோ விநாடியை இனங்காண வேண்டும். ஒரு நானோ விநாடி என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு! இம்முறையில் குழாய் நீளம் தேவையில்லை; தொலைவு கூடினாலும் பிழை வர்க்கமாகப் பெருகுவதில்லை.

எதைப் பார்த்து வாங்குவது?

இனி கடைக்குப் போவோம். பைனாகுலர்மீது 8 × 42, 10 × 42 என்றெல்லாம் பொறித்திருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8 × 42 கருவிக்கு அது 5.25 மில்லிமீட்டர், 10 × 42 கருவிக்கு 4.2 மில்லிமீட்டர்.

இது ஏன் முக்கியம்? எல்க் மான்கள் விடியலிலும் அந்தியிலும்தான் மிகுதியாக வெளியே வரும். கொலராடோ விதிப்படி சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை சுடலாம். அந்த மங்கிய வேளையில் நம் கண்மணியின் துளை அகலமாக விரிகிறது. இளைஞர்களுக்கு 7 மில்லிமீட்டர் வரை கூட விரியும். வயது ஏற ஏற இது குறையும். வெளிவரும் கற்றை குறுகலாக இருந்தால் விரிந்த கண்ணுக்குப் போதிய ஒளி கிடைக்காது. காட்சி இருண்டு தெரியும். மேலும், உருப்பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். பார்வைப் பரப்பும் குறுகும். ஆகவே மரங்கள் அடர்ந்த இடத்துக்கு 8 மடங்கும், திறந்த மலைவெளிக்கு 10 மடங்கும் பொருத்தம். அதற்கு மேல் போனால் முக்காலி வேண்டியிருக்கும்.

இரண்டாவது, லேசர் கற்றையின் விரிவு. லேசர் விரியவே விரியாது என்று எண்ணிவிடாதீர்கள். 1.5 மில்லிரேடியன் விரியும் கற்றை 400 மீட்டரில் 60 சென்டிமீட்டர் அகலமாகிவிடும். மானுக்கு முன்னால் இருக்கும் புதரும் அதில் அகப்படலாம். அப்போது கருவி புதரின் தொலைவைச் சொல்லிவிடும்! இதனால்தான் சில கருவிகளில், வந்த எதிரொலிகளில் கடைசியானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதி வைத்திருக்கிறார்கள். மூடுபனியிலும் மழையிலும் துளிகளே ஒளியைத் திருப்பியனுப்பிக் குழப்பம் விளைவிக்கும்.

மூன்றாவது, விளம்பரத்தில் சொல்லும் உச்சத் தொலைவு. அது பெரும்பாலும் பளபளப்பான பலகைக்கு உரியது. மானின் உரோமம் ஒளியைச் சரியாகத் திருப்பாது. ஆகவே மானுக்கு எவ்வளவு என்று தனியே கேட்க வேண்டும். அந்த எண் மிகவும் சிறியதாக இருக்கும்.

நான்காவது, சரிவு. எதிரே 30 பாகை சரிவில் 400 மீட்டரில் மான் நிற்கிறது. குண்டின் வீழ்ச்சியைக் கணக்கிடும்போது சாய்வுத் தொலைவை அப்படியே எடுக்கக் கூடாது. கிடைத்தளத் தொலைவையே எடுக்க வேண்டும். 400-ஐக் கொசைன் 30 பாகையால் பெருக்குங்கள்: 346 மீட்டர். இது ஒரு தோராய விதிதான். என்றாலும் வேட்டைத் தொலைவுகளுக்குப் போதுமானது. சாய்வுமானி உள்ள கருவிகள் இதைத் தாமே செய்துவிடும்.

ஐந்தாவது, அலகு. அமெரிக்கர்கள் கெஜத்தில் அளப்பார்கள். 400 கெஜம் என்பது 366 மீட்டர்தான். கருவி எந்த அலகில் காட்டுகிறது என்று பார்க்காதவர் 34 மீட்டர் ஏமாந்து போவார்.

இவை தவிர, எண்களைக் காட்டும் சிவப்பு ஒளி இருட்டில் கண்ணைக் கூசாமல் மங்கக்கூடியதா, உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்து நீராவி படியாமல் காத்திருக்கிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும். லேசருக்கு வழிவிட முப்பட்டகத்தின்மீது பூசும் படலம் சிறிது ஒளியை விழுங்கும். காட்சியில் மெல்லிய நிறச்சாயலும் தெரியலாம். ஆகவே கடையின் பளிச்சென்ற விளக்கில் பார்த்து வாங்காமல் அந்தி நேரத்தில் வெளியே எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கருவி சொல்லாதது

இவ்வளவும் சரியாக அமைந்த கருவி '412' என்று காட்டுகிறது. உடனே சுட்டுவிடலாமா? குண்டு அங்கே போய்ச் சேர அரை விநாடிக்கு மேல் ஆகும் என்று முன்பே கணக்கிட்டோம். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கும் மான் அதற்குள் அரை மீட்டர் நகர்ந்துவிடும். பள்ளத்தாக்கின் நடுவே வீசும் காற்றின் வேகத்தை லேசர் அளப்பதில்லை. சுடுபவரின் கை எவ்வளவு உறுதியானது என்பதும் அதற்குத் தெரியாது. எனவே, தன்னால் தவறாமல் சுட முடிந்த தொலைவு இவ்வளவு என்று பயிற்சியின்போதே முடிவுசெய்து, கருவி அதற்கு மேல் ஓர் எண்ணைக் காட்டினால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுபவரே நல்ல வேட்டைக்காரர். தொலைவுமானியின் மிகப் பெரிய பயன், சுடாமல் விடவேண்டிய சமயத்தை அறிவிப்பதுதான் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதே லேசர் தொலைவுமானி நம் காடுகளில் வேறொரு பணி செய்கிறது. புலிகள் கணக்கெடுப்பின்போது, புலிக்கு இரையாகும் மான்களையும் எண்ண வேண்டும் அல்லவா? பணியாளர்கள் நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு கூட்டத்தின் தொலைவையும் லேசரால் அளக்கிறார்கள். திசையைக் காந்த ஊசியால் குறிக்கிறார்கள். பாதையிலிருந்து விலக விலக எத்தனை விலங்குகள் கண்ணுக்குத் தப்புகின்றன என்பதை அந்த எண்களிலிருந்து கணித்து, காட்டில் உள்ள மொத்த எண்ணிக்கையை மதிப்பிடுகிறார்கள். இங்கும் தொலைவு தவறினால் கணக்கே தவறிவிடும்.

நீங்களே அளந்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடி, விரலைத் தூரத்திலுள்ள கம்பத்தோடு பொருத்துங்கள். இப்போது கண்ணை மாற்றி மூடுங்கள். விரல் பக்கவாட்டில் தாவும். கம்பத்தின் அருகே அது எத்தனை மீட்டர் தாவியது என்று மதிப்பிட்டுப் பத்தால் பெருக்குங்கள். நீட்டிய கையின் நீளம் கண்களின் இடைவெளியைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு என்பதால், வருவதே கம்பத்தின் தொலைவு. பிறகு நாடாவால் அளந்து பிழையைக் காணுங்கள். 20, 40, 80 மீட்டர் தொலைவுகளில் இதைச் செய்து, பிழை எப்படி வளர்கிறது என்று வரைபடம் போடுங்கள்.

பைனாகுலர் கையில் கிடைத்தால் ஒரு வெளிச்சமான சுவரை நோக்கி நீட்டிப் பிடித்து, கண்ணருகு வில்லையில் தெரியும் ஒளி வட்டத்தை அளந்து பாருங்கள். மேலே செய்த வகுத்தல் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று தெரியும். ஆனால் எக்காரணம் கொண்டும் அதன் வழியே சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். ஒரு நொடி போதும், பார்வை பறிபோக.