சேரும்போது கேட்கும் கணக்கு, வெளியேறும்போது எங்கே?

குச்சனூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சுயம்பு சனீஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். நமக்கோ அது, வயல் வேலைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கேரள ஏலத்தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்கள் வாழும் ஊர். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, வீரபாண்டி அரசு கலைக் கல்லூரி, போடி அரசு பொறியியல் கல்லூரி என்று, பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்திலேயே கல்லூரிகள் உள்ளன.

பட்டம் வாங்கிய பிறகு இவர்கள் என்ன ஆகிறார்கள்? எத்தனை பேருக்குப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கிறது? எத்தனை பேர் மறுபடியும் தோட்ட ஜீப்பில் ஏறுகிறார்கள்? இதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் கல்லூரியின் வேலைவாய்ப்பு மையம். அந்த மையம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம், ‘நாக்’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு.

1994-ல் தொடங்கப்பட்ட நாக், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டது. ஏழு அளவுகோல்களை வைத்துக் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிட்டு, ‘ஏ பிளஸ் பிளஸ்’ முதல் ‘சி’ வரை தரம் வழங்கி வந்தது. ஐந்தாவது அளவுகோலின் பெயர் ‘மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்’. பல்கலைக்கழகம் என்றால் மொத்தம் 1000 மதிப்பெண்ணில் இதற்கு 100. உதவித்தொகை எத்தனை பேருக்குக் கிடைத்தது, போட்டித் தேர்வு வழிகாட்டுதலிலும் வேலைவாய்ப்பு ஆலோசனையிலும் எத்தனை பேர் பயன்பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று அதில் கேட்கப்படும்.

கேள்விகள் நல்லவைதான். ஆனால் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது.

மாணவர் சேர்க்கை பற்றிய பகுதியில், இடஒதுக்கீட்டு இடங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று நாக் பிரிவுவாரியாகக் கேட்கிறது. வேலைவாய்ப்புப் பட்டியலிலோ மாணவர் பெயர், படித்த பாடப்பிரிவு, வேலை கொடுத்த நிறுவனம், சம்பளம் ஆகியவையே கேட்கப்படுகின்றன. அங்கே பிரிவுவாரிக் கணக்கு இல்லை. ஒரு கல்லூரியில் நூறு பேருக்கு வேலை கிடைத்து, அதில் நம் பிள்ளை ஒருவர்கூட இல்லாவிட்டாலும் மதிப்பெண் குறையாது.

இது சின்ன விஷயமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2007-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயர் கொண்ட விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அதே ஆண்டில் அதே இதழில் வந்த ஜோத்கா, நியூமன் ஆய்வு, வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளர்கள் ‘குடும்பப் பின்னணி’யைத் தகுதியாகவே எடைபோடுவதைக் காட்டியது.

“அப்பா என்ன செய்கிறார்?” என்ற கேள்விக்கு, ‘தோட்டக் கூலி’ என்று தலைநிமிர்ந்து சொல்லவும், அதன் பிறகும் தன் திறமையைப் பேசவும் நம் பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும். அப்படிக் கேட்டு ஒதுக்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் துணிவு கல்லூரிக்கு வேண்டும். வருஷத்துக்கு ஒருநாள் ஆங்கிலப் பேச்சு முகாம் நடத்தி, போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்ப்பது இரண்டில் எதையும் தராது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் பயிற்சி பெற்றவர் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. வேலை பெற்றவர் யார் யார் என்பதும் தெரிய வேண்டும்.

சாதியைக் கேட்டால் மாணவருக்குச் சங்கடம் என்று சிலர் சொல்வார்கள். உதவித்தொகைக்காகக் கொடுத்த சாதிச் சான்றிதழ் கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். பிரிட்டனில் பட்டம் பெற்ற 15 மாதங்கள் கழித்து எல்லோரிடமும் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அதை இனவாரியாகவும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நாக் மீதும் புகார் இல்லாமல் இல்லை. ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் தர லஞ்சம் வாங்கியதாக, ஆய்வுக் குழுவினரை 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்தது. எழுத்துத் தரத்தைக் கைவிட்டு, முதலில் ‘அங்கீகாரம் உண்டு, இல்லை’ என்றும் பிறகு ஐந்து நிலைகளாகவும் மதிப்பிடும் புதிய முறை 2024-லேயே அறிவிக்கப்பட்டது. விதிகள் மாறுகிற இந்த நேரத்தில்தான் விடுபட்ட கேள்வியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாக் மதிப்பீட்டுக்குப் போகும் கல்லூரி தன்னாய்வு அறிக்கையைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மாணவர்கள் செல்போனிலேயே அதைத் திறந்து ஐந்தாம் பகுதியைப் படிக்கலாம். உங்கள் துறையில் யாருக்கு வேலை கிடைத்ததாக எழுதியிருக்கிறது, அது உண்மையா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு கல்லூரியிலும் அகத்தர உறுதி மையம் இருக்கிறது. அதில் மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர் மக்கள் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. அந்த இடங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். குச்சனூரிலிருந்து படித்து வேலைக்குப் போன நம் அண்ணன்களும் அக்காக்களும் அந்த நாற்காலிக்கு முன்வர வேண்டும்.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடலாம். கேள்வி ஒன்றே போதும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் கல்லூரி மூலம் வேலை பெற்றவர்களில் ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர்? 30 நாளில் பதில் தர வேண்டும். ‘அப்படிக் கணக்கு வைக்கவில்லை’ என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையே நகலெடுத்து ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் நாக்குக்கும் அனுப்புவோம்.