பெடல் இறங்குகிறதா? காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்

சிக்னலில் நிற்கும்போது பிரேக்கின் மேல் வைத்த கால் அப்படியே இருக்கிறது. பெடல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்குகிறது. ஓட்டும்போது வண்டி ஒழுங்காகத்தானே நிற்கிறது என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. மெக்கானிக்கிடம் போனாலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: ஆயில் குறைந்திருந்தால் ஊற்றுவார்கள், நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் ஏர் எடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். சில நாள் பெடல் கெட்டியாக இருக்கும், பிறகு பழைய கதைதான். மிதித்த இடத்தில் நிற்காத பெடல் என்றால், பிரேக் குழாய்க்குள் அடைபட்டிருக்க வேண்டிய அழுத்தம் எங்கோ ஒரு வழியாகத் தப்புகிறது என்று பொருள். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் செய்கிற வேலை பழுதைத் தள்ளிப்போடும், தீர்க்காது. காரணம் என்ன என்று கேட்பதும் அதை எழுத்தில் வாங்குவதும் வண்டிக்காரரின் உரிமை மட்டுமில்லை, அவருக்கான பாதுகாப்பும்கூட. ஏனென்றால் விபத்து என்று வந்துவிட்டால் நம் சட்டம் முதலில் கேள்வி கேட்பது அவரைத்தான்.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷரின் விளிம்பு சிலிண்டரின் உட்சுவரோடு ஒட்டி நிற்பதால்தான் ஆயில் பின்னால் வழியாமல் சக்கரத்துக்குப் போகிறது. அந்த விளிம்பு தேய்ந்தாலோ, உட்சுவரில் துரு ஏறிச் சொரசொரப்பானாலோ ஆயில் வாஷரைத் தாண்டிப் பின்பக்கம் நழுவும். அப்படி நழுவிய ஆயில் மறுபடி மேலே உள்ள டப்பாவுக்கே போய்ச் சேர்கிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, அளவும் குறையாது. அதனால் “ஆயில் லெவல் சரியாக இருக்கிறது, லீக் எதுவும் இல்லை” என்ற பதில் உண்மையாக இருந்தாலும் பிரேக் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓங்கி மிதித்தால் அந்த அழுத்தமே வாஷரின் விளிம்பைச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிடும். மெதுவாக மிதித்தால்தான் நழுவும். பட்டறையில் ஒருவர் ஓங்கி ஒரு மிதி மிதித்துப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்வதும், அதே வண்டி சிக்னலில் மெதுவாக மிதிக்கும்போது பெடல் இறங்குவதும் இதனால்தான்.

சோதனை கடினமானதில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதமாக மிதித்தபடி அரை நிமிடம் காத்திருங்கள். அப்போது பெடல் நழுவினால் அழுத்தம் தப்புகிறது. அதே நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு சிறு அளவு இறங்கி நிற்கும். அது மிதிக்கு வலுக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், பழுதில்லை. இந்த வித்தியாசம் தெரியாததால் நல்ல மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர்களும் உண்டு. பெடல் இறங்காமல், பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருமானால் குழாயில் காற்று இருக்கலாம். கெட்டியாகவே இருந்தும் தாழ்வாகப் போய் நின்றால் பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம். டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வந்தால் கசிவு வெளியே இருக்கிறது: சக்கரங்களின் உட்பக்கம், ரப்பர் ஹோஸ், டிரம்முக்குள் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடம் ஆகியவற்றில் ஈரம் தேட வேண்டும். சந்தேகத்தைத் தீர்க்க மெக்கானிக் ஒன்று செய்யலாம். மாஸ்டர் சிலிண்டரின் குழாய்களைக் கழற்றி, அந்தத் துளைகளைப் பிளக் போட்டு அடைத்துவிட்டு மிதித்துப் பார்க்கலாம். அப்போதும் பெடல் இறங்கினால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான். கல்போல நின்றால் அதை விட்டுவிட்டு ஏபிஎஸ் யூனிட்டிலும் சக்கரங்களிலும் தேட வேண்டும்.

சர்வீஸுக்கு விடும் வரை பெடல் நன்றாக இருந்தது, வந்த பிறகுதான் இறங்குகிறது என்று சொல்பவரை யாரும் நம்புவதில்லை. “நாங்கள் ஆயில் மட்டும்தானே மாற்றினோம்” என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பகுதியில் மட்டுமே போய்வருகிறது. அதைத் தாண்டிய பகுதி வருடக்கணக்காகத் தொடப்படாமல் அழுக்கும் துருவும் சேர்ந்து கிடக்கும். ஏர் எடுக்கும்போது உதவியாள் பெடலைத் தரைவரை மிதிப்பதால் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உராய்ந்து கிழிகிறது. பழைய வண்டியில் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தாலே இதைத் தவிர்க்கலாம். ஆயிலிலும் கவனம் வேண்டும். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போகும். எஞ்சின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ தவறி ஊற்றப்பட்டால் ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். அப்போது சிலிண்டரை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க முடியாது.

“ரெண்டு தடவை மிதித்தால் பிடிக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்” என்பது வழக்கமான வாதம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனித்தனிப் பகுதிகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று பாதிச் சக்கரங்களைப் பிடிக்கும். ஆனால் பாதி பிரேக்கில் வண்டி நிற்க அதிகத் தூரம் வேண்டும். குறுக்கே ஓடிவரும் குழந்தை இரண்டாவது மிதிக்காகக் காத்திருக்காது. சட்டமும் இந்த வாதத்தை ஏற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு, பழுதைத் தெரிந்தே ஓட்டுபவரோடு நிறுத்தாமல், சாதாரணக் கவனம் இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதோடு ஓட்டுபவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இழப்பீட்டு வழக்கில் “பிரேக் பிடிக்கவில்லை” என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் மினு மேத்தா வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அறிய வேண்டும்: இயந்திரக் கோளாறுதான் காரணம் என்றால், போதிய கவனம் எடுத்தும் அது கண்ணுக்குப் புலப்படவில்லை என்று நிரூபிக்கும் சுமை உரிமையாளருடையது. சிக்னலுக்குச் சிக்னல் இறங்கும் பெடலைப் புலப்படாத கோளாறு என்று யார் சொல்ல முடியும்? இன்சூரன்ஸ் பாலிசியிலும் வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது அது நினைவூட்டப்படும்.

இந்த இடத்தில்தான் காகிதம் கைகொடுக்கிறது. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் “பிரேக் சரியில்லை” என்று பொதுவாக எழுதாமல், “எஞ்சின் ஓடும்போதும் அணைத்தபோதும் பெடல் இறங்குகிறது” என்று எழுதச் சொல்லுங்கள். வாங்கும்போது என்ன சோதித்தார்கள், எந்தப் பாகம் மாறியது என்பது பில்லில் இருக்கட்டும். கழற்றிய பழைய சிலிண்டரையும் கேட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. கவனக்குறைவான வேலை சேவைக் குறைபாடு. பில் போட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து விலை ஏறுமே என்று நாமே வேண்டாம் என்கிறோம். ஆனால் வாங்கியதற்குச் சான்றில்லாத பாகம் போலியாக இருந்தால் அதைக் கடைக்காரர் தலையில் கட்ட வழியே இல்லை. மரத்தடியில் வேலை செய்யும் மெக்கானிக்கிடம் இதையெல்லாம் கேட்பது அவரை அவமதிப்பதாகாதா என்றால், ஆகாது. ஒரு தாளில் வண்டி எண்ணும் தேதியும் செய்த வேலையும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நாளை வீண் பழி வந்தால் அது அவருக்கும் கவசம்.

நுகர்வோர் ஆணையம் என்றாலே வருடக்கணக்கில் அலைய வேண்டும் என்ற சலிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. பாகத்தைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கு மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் தாமதம் ஆகத்தான் செய்கிறது. இருந்தாலும் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சிலிண்டரைத் தூக்கி எறியாதீர்கள் என்பது இதற்காகத்தான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

ஒரே மாடலில் பலருக்கும் இதே கோளாறு வந்தால் அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவின்படி அத்தகைய வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். எத்தனை பேர் புகார் செய்திருக்க வேண்டும் என்பது அந்த மாடல் விற்ற எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே உங்கள் ஒரு புகாரும் கணக்கில் வரும். முதலில் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஏற்கெனவே திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையோடு தகராறு என்றால் பில்லையும் ஜாப் கார்டையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.