0/0 வந்தா என்ன பண்றது? காசுக்குக் கைமாறிய கணித விதி!

ஓர் எண்ணின் வர்க்கத்தில் 4-ஐக் கழியுங்கள். அதே எண்ணில் 2-ஐக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். எண் 2 என்றால் 0/0, கால்குலேட்டரே கைவிரித்துவிடும். எண் 2-ஐ நெருங்கும்போது விடை எதை நெருங்கும்?

இங்கே கைகொடுப்பது லோபிதால் விதி. மேலே, கீழே இரண்டையும் தனித்தனியாக வகையிடுங்கள். மேலே எண்ணின் இரு மடங்கு, கீழே 1. ஆக, விடை 4. சந்தேகமா? 2.01 போட்டுப் பாருங்க, 4.01 வரும்.

லாஜிக் சிம்பிள்: இரண்டுமே பூஜ்ஜியத்துக்கு ஓடுகின்றன, எது எவ்வளவு வேகத்தில் என்பதே கேள்வி. ஆனால் 0/0, முடிவிலி/முடிவிலி தவிர வேறெங்கும் போட்டால் விடை தப்பாகலாம்.

1696-ல் பிரெஞ்சுப் பிரபு லோபிதாலின் நூலில் வெளியான இந்த விதி, உண்மையில் அவருக்குப் பாடம் சொன்ன யோஹான் பெர்னூலியுடையது. ஆண்டுக்கு 300 லிவ்ர் தருவதாகச் சொல்லி, கண்டுபிடிப்புகளைத் தனக்கு மட்டுமே தரும்படி 1694-ல் கேட்டிருந்தார் லோபிதால். 1955-ல் அச்சான கடிதங்கள் அதை அம்பலமாக்கின. பெயர் மட்டும் மாறவே இல்லை.