முள் குத்திய காலுக்குள் என்ன நடக்கிறது?

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலைப் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அட்டைக்கடியும் முள்குத்தும் புதிதல்ல. களையெடுக்கையில் முள் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் காலுக்குள் அப்போதே வேறொரு வேலை தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போதே நம்மோடு வரும் நோயெதிர்ப்பின் வேலை அது.

முதல் தடுப்பு தோல். அதன் அமிலத்தன்மையும் வியர்வை உப்பும் பல கிருமிகளை வளரவிடாது. முள் தோலைத் துளைத்ததும் மண்ணிலுள்ள பாக்டீரியா உள்ளே புகுகிறது. சதையில் நிலையாக இருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள், கிருமிகளிடம் மட்டுமே உள்ள சில மூலக்கூறுகளை வைத்து அவற்றை அடையாளம் காண்கின்றன. இதற்கு உதவும் ‘டோல்’ வகை ஏற்பிகளைப் பற்றிய ஆய்வுக்காக ஜூல்ஸ் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அடையாளம் கண்டதும் மேக்ரோஃபேஜ்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இடம் சிவந்து சுடுகிறது. நீர் கசிந்து வீங்குகிறது, வலிக்கிறது. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்கிச் செரிக்கின்றன. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. சீழில் பெரும்பகுதி, இப்படிப் போராடி மடிந்த அணுக்களே. காலில் புண் என்றால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் இதன் தொடர்ச்சிதான். அங்குள்ள நிணநீர் முடிச்சுகளில், அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கான எதிர்ப்பு உருவாகத் தொடங்குகிறது. அது முழுமையாகச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிப்பது இந்தப் பிறவி எதிர்ப்புதான்.

இந்த விழுங்கும் அணுக்களின் பங்கு புலப்பட்டதும் ஒரு முள்ளால்தான். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்திருந்தன. 1908-இல் பால் எர்லிக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வளவு திறமையான ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. மண்ணிலிருக்கும் டெட்டனஸ் கிருமி, காற்றுப் புகாத ஆழமான காயத்தில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கும். அதைப் பிறவி எதிர்ப்பால் தடுக்க முடியாது. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்குக்கூட அதன்பின் எதிர்ப்பு வருவதில்லை. தடுப்பூசி ஒன்றே அதைத் தரும்.

ஆகவே முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாணியோ மண்ணோ வைக்காதீர்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது நினைவில்லை என்றால், தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.